நாயைப் பாம்பு கடிச்சா என்ன செய்யணும்?



விடிகாலையில் உப்பளத்துக்குப் போகும்போது நமக்கு முன்னால் ஓடுவது நம்ம நாய்தான். வரப்பு ஓரத்திலோ, உப்புக் குவியலை மூடின கீற்றுக்கு அடியிலோ பாம்பு கிடந்தால் முதலில் மோந்து பார்ப்பதும் அதுதான். அதனால்தான் கடி பெரும்பாலும் அதன் மூஞ்சியிலோ முன்னங்காலிலோ விழுகிறது. "நாய்க்கு ஏதுங்க ஊசி, பச்சிலை அரைச்சு ஊத்துங்க" என்பார்கள். ஊசி இருக்கிறது. நமக்குப் போடுகிற அதே விஷமுறிவு மருந்துதான்.

இங்கிருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் வடக்கே போய் மாமல்லபுரம் தாண்டினால் வடநெம்மேலி வரும். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. நம்மைப் போலவே கூட்டாகச் சேர்ந்து பிழைக்கிறவங்க. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். இந்த இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்து.

எப்படித் தெரியும்? நல்லபாம்பு, கட்டுவிரியன் கடித்தால் இமை தொங்கும், எச்சில் ஒழுகும், பின்னங்கால் துவளும், கடைசியில் மூச்சு நிற்கும். கட்டுவிரியன் கடித்த இடம் வீங்கக்கூட வீங்காது. விரியன் வகை இரண்டிலும் வீக்கமும் வலியும் அதிகம். ஈறிலோ மூத்திரத்திலோ ரத்தம் வரும்.

ஒரு விஷயத்தை நல்லா மனசில் வையுங்க. மருந்தின் அளவு நாயின் எடையைப் பார்த்து இல்லை, உள்ளே போன விஷத்தைப் பார்த்து. 10 மில்லி குப்பி ஒன்று சுமார் 6 மில்லிகிராம் நல்லபாம்பு விஷத்தைத்தான் முறிக்கும். பாம்பு பெரிய ஆளைக் கடித்தாலும் சின்ன நாயைக் கடித்தாலும் விஷத்தைக் குறைத்துக் கொடுக்கிறதா என்ன? அதனால் "குட்டி நாய்தானே, அரைக் குப்பி போதும்" என்று டாக்டரிடம் பேரம் பேசாதீங்க. தாமதமும் ஆகாது. உடம்பில் சுற்றுகிற விஷத்தை மருந்து முறிக்கும். ஏற்கெனவே அழுகின சதையை அது திருப்பித் தராது.

கடித்ததும் நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்க. கயிறு கட்டுவது, கீறுவது வேண்டாம். வாயில் எதையும் ஊற்றாதீங்க. விழுங்க முடியாத நாய்க்குப் புரையேறிவிடும். வலியில் நம்மையே கடிக்கும், சாக்கில் சுற்றித் தூக்குங்க. பாம்பை அடித்துத் தேட நேரம் போக்காதீங்க. கடித்த நேரத்தை மட்டும் நினைவில் வையுங்க.

கிளம்பும்போதே கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டு மருந்து இருப்பு இருக்கா என்று கேளுங்க. உதவிக்கு 1962 எண் இருக்கிறது. இருப்பு இல்லையென்றால் டாக்டர் சீட்டில் வெளியே வாங்கணும். அந்த நேரத்தில் பணத்துக்கு அலைவதுதான் பெரிய கொடுமை. ஆடு, மாட்டுக்குக் கொடுப்பதுபோல் இதற்கும் அவசர உள்கடன் உண்டு என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மான நோட்டில் எழுதி வையுங்க. மருந்து கிடைத்தாலும் டாக்டர்தான் போடணும். குதிரை ரத்தத்து மருந்து சில நாய்க்கு ஒத்துக்காமல் மூச்சுத் திணறும். அதற்கு மாற்று ஊசி அவர் கையில் இருக்கும்.

மீனவர் குப்பத்து சகோதரிகளுக்கு இன்னொன்று: வலையில் வந்து கரையில் கிடக்கிற கடல்பாம்புக்கு இந்த மருந்து கேட்காது. கரையில் வலை உதறும்போது நாயைக் கட்டிப் போடுங்க.