கிற்றாருக்குச் சுருதி கூட்டல்

மாணவர்களே, கிற்றார் பழகத் தொடங்குவோர் பலர் தமக்கு இசைஞானம் இல்லையென எண்ணி, ஒரு மாதத்திலேயே அதனை மூலையில் வைத்துவிடுகின்றனர். பெரும்பாலும் குறை காதிலன்று, சுருதி கூட்டாத தந்தியிலேயே உள்ளது.

தடித்த 6 ஆம் தந்தியிலிருந்து சுரங்கள் முறையே ஈ, ஏ, டி, ஜீ, பீ, ஈ ஆகும். முதலில் 6 ஆம் தந்தியை ஆர்கன் போன்ற வேறொரு கருவியின் ஈ சுரத்துடன் பொருத்துக. தனியே பழகுவதாயின் தந்திகள் தமக்குள் பொருந்தினாலே போதும்.

6 ஆம் தந்தியை 5 ஆம் மெட்டில் அழுத்தி மீட்டினால் எழுவது, அழுத்தாத 5 ஆம் தந்தியின் சுரமாகும் (110 ஹேட்ஸ்). வேறுபட்டால் 5 ஆம் தந்தியின் முறுக்காணியை மெல்லத் திருப்புக. இரு சுரங்களும் நெருங்கும்போது ஒலி அலையலையாக ஏறியிறங்கும். பௌதிகவியலில் இது அடிப்பு எனப்படும். அது மெதுவாகி மறையும்வரை திருப்ப வேண்டும், அவசரப்படலாகாது.

ஏனைய தந்திகளுக்கும் இவ்வாறே. ஆனால் 3 ஆம் தந்தியைக் கொண்டு 2 ஆம் தந்தியைக் கூட்டும்போது மட்டும் 4 ஆம் மெட்டை அழுத்துக. பலரும் இடறுவது இங்கேதான்!

தந்தியை இறுக்கினால் இழுவை கூடி மீடிறன் கூடும். மெட்டில் அழுத்தினால் அதிரும் நீளம் குறைவதால் மீடிறன் கூடும். விஞ்ஞான வினாக்களுக்கும் இது உதவும்.

பயிற்சி: 12 ஆம் மெட்டு தந்தியின் நடுவில் உள்ளது. 5 ஆம் தந்தியை அங்கு அழுத்தி மீட்டினால் மீடிறன் யாது?
(விடை: 220 ஹேட்ஸ்)