ஆட்டிசம் உள்ள பிள்ளை வளரும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

தெரபி வாரத்தில் சில மணி நேரம்தான். மற்ற பொழுதெல்லாம் பிள்ளை இருப்பது வீட்டில். மிக்ஸி இரைச்சல், மினுக்கும் டியூப்லைட், சொல்லாமல் வரும் விருந்தாளி என்று நாம் கண்டுகொள்ளாத பல விஷயங்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பாடாய்ப் படுத்தும். பிள்ளையைப் பழக்குவதற்கு முன் வீட்டைப் பழக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எல்லாக் குறிப்பும் எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. உங்கள் பிள்ளைக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பழைய தினசரி காலண்டரின் தடித்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பல் தேய்ப்பது, குளியல், சாப்பாடு, பள்ளி வேன், விளையாட்டு, தூக்கம் என ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, பிரின்ட் போட்டு, துணி கிளிப்பால் அந்த அட்டையில் வரிசையாக மாட்டுங்கள். கடையில் வாங்கும் சார்ட்டைவிடத் தன்னுடைய பிரஷ், தன்னுடைய தட்டு, தான் ஏறும் வேன் ஆகியவற்றின் படம்தான் பிள்ளைக்குச் சீக்கிரம் புரியும். முடிந்த வேலையின் படத்தைப் பிள்ளையே கழற்றி ஒரு டப்பாவில் போடட்டும். கேள்விக்குறி வரைந்த அட்டை ஒன்றும் தயாராக இருக்கட்டும். கரன்ட் போகும், வேன் வராது, அத்தை திடீரென்று வந்து நிற்பார். அப்போது 'இன்றைக்கு மாற்றம்' என்று சொல்லி அதை மாட்டுங்கள். முதன்முதலில் பிள்ளைக்குப் பிடித்த மாற்றத்துக்கு இதைப் பயன்படுத்துங்கள். பிஸ்கட்டுக்குப் பதில் ஐஸ்கிரீம் என்பது போல. அந்த அட்டையைக் கண்டாலே பயம் என்றாகிவிடக் கூடாது.

2. மிக்ஸி போடும் முன் 'சத்தம் வரப்போகுது' என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். முடிந்தால் சுவிட்சைப் பிள்ளையே போடட்டும். தானே தொடங்கி வைக்கும் சத்தத்தில் திடுக்கிடல் குறையும். மிக்ஸிக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் விரித்தால் அதிர்வு அடங்கும். பட்டறைத் தொழிலாளர்கள் போடும் காதுமூடி ஒன்றை வாங்கி வையுங்கள். தீபாவளிக்கு அது கட்டாயம் தேவைப்படும். தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகப் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் ஒதுக்கி வருகிறது. ஊர் முழுக்க அதைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், அந்த நேரத்தைக் கடிகாரத்தில் காட்டி முன்கூட்டியே சொல்லலாம். சன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, பிடித்த பாட்டைப் போட்டு, யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

3. புதுத்துணியை இரண்டு முறை துவைத்துவிட்டுப் போட்டுவிடுங்கள். கழுத்துப் பட்டை லேபிளை ஒட்டத் தறித்துவிடுங்கள். பட்டுப் பாவாடை ஜரிகை உறுத்தினால் உள்ளே பழைய பருத்தித் துணி வைத்துத் தைக்கலாம். அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

4. முடிவெட்டக் கூட்டமில்லாத மதிய வேளையில் போங்கள். மெஷின் வேண்டாம், கத்தரிக்கோல் போதும் என்று கடைக்காரரிடம் முதல் நாளே பேசி வையுங்கள்.

5. தயிர்சாதம், இட்லி தவிர எதையும் தொடாத பிள்ளைகள் உண்டு. இட்லிக்குள் கேரட்டை ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்தால் இட்லியும் போய்விடும். புதுப் பண்டத்தைத் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள். பார்ப்பது, முகர்வது, தொடுவது, நக்குவது என்று பல வாரம் ஆகலாம். உணவு மிகவும் சுருங்கி எடை குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாலோ, இரவெல்லாம் அழுதாலோ, முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எதையும் அதற்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். உடம்பில் ஒன்றுமில்லை என்றால், அப்படி அழத் தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சில வாரத்தில் காரணம் தெரியத் தொடங்கும். கத்திக் கதறும் அந்த நேரத்தில் அறிவுரை, மிரட்டல், சமாதானம் எதுவும் காதில் ஏறாது. அது அடம் அல்ல. தாங்க முடியாமல் வெடிப்பது. விளக்கைக் குறைத்து, கூடியிருப்பவர்களை வெளியே அனுப்பி, பேச்சை நிறுத்தி, காயம் படாமல் பார்த்துக்கொண்டு அருகில் இருங்கள்.

7. வீட்டைவிட்டுச் சொல்லாமல் நடந்துவிடுவது பல பிள்ளைகளிடம் உண்டு. தண்ணீர் ஈர்ப்பும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வாசல் கதவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கதவு திறந்தால் ஒலிக்கும் மணி, சம்ப் மூடிக்குப் பூட்டு, கிணற்றுக்குக் கம்பி வலை: இவற்றை இந்த வாரமே செய்யுங்கள். சட்டை உள்பக்கம் போன் எண்ணைத் தைத்துவிடுங்கள். ஆட்டோ ஸ்டாண்ட், டீக்கடை, மளிகைக்கடையில் பிள்ளையின் படத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள். நீச்சலும் கற்றுக்கொடுங்கள். காணவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது தண்ணீர் உள்ள இடத்தில்தான்.

8. 'வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பின்னடைவு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தமிழை எடுத்துவிட்டால் பாட்டியோடும் தெருவோடும் உள்ள பேச்சு அறுந்துபோகும். பேச்சு வராத பிள்ளைக்குப் பட அட்டை கொடுங்கள். படத்தைத் தொட்டால் பேசும் செயலி கொடுங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது. இவை பேச்சைத் தடுக்கும் என்ற பயம் வேண்டாம்.

9. கல்யாணத்துக்குப் போகாமல் ஒதுங்காதீர்கள். முதல் பந்தியில் சாப்பிட்டுவிடுங்கள், ஸ்பீக்கருக்குத் தள்ளி உட்காருங்கள், கெட்டிமேளத்துக்கு முன் வெளியே வந்துவிடுங்கள். உறவினர் கேட்டால் 'ஆட்டிசம் இருக்கு, கூட்டமும் சத்தமும் தாங்காது, கொஞ்சம் இடம் கொடுங்க' என்ற ஒரே வாக்கியம் போதும்.

10. குணமாக்குகிறேன் என்பவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. உடம்பிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் மருந்துகள் உயிருக்கே ஆபத்தானவை. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. அம்மா கர்ப்பத்தில் செய்த எதையோ குற்றம் சொல்லும் வாய்களையும் இதே கணக்கில் சேருங்கள்.

11. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமாவது அப்பா தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் அம்மா துணி மடிக்கக் கூடாது, தூங்க வேண்டும். அண்ணன், அக்கா, தம்பி, தங்கைக்கு வாரத்தில் ஒரு மாலை முழுதாகக் கொடுங்கள்.

12. மகளுக்குப் பத்து வயதிலேயே நாப்கின் வைத்துப் பழக்கிப் பாருங்கள். முதல் மாதவிடாய் அன்று புதிதாக ஒன்றைக் கற்க முடியாது. மகனுக்கும் மகளுக்கும் குளியலறைக் கதவைச் சாத்துவது, யார் எங்கே தொடலாம், எப்படி 'வேண்டாம்' சொல்வது என்பதெல்லாம் படம் போட்டுச் சொல்லித்தர வேண்டியவை. இளைஞனாகிவிட்ட பிள்ளைக்கும் வீட்டில் ஒரு வேலை அவனுடையது என்று இருக்கட்டும்: தண்ணீர் பாட்டில் நிரப்புவது, வெங்காயம் தரம் பிரிப்பது. ஒரே பேருந்தில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்கவும் பழக்குங்கள்.

13. காகிதங்களை ஒரே பையில் வையுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, பராமரிப்பு உதவித்தொகை பற்றியும் கேளுங்கள். சின்னப் பிள்ளை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு 75,000 ரூபாய், கடுமையான நிலைக்கு 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. பொதுத்தேர்வுக்கு, சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்டுக் கல்வியாண்டு தொடங்கும்போதே மனுக் கொடுங்கள். பதினெட்டு வயதானதும் பெற்றோர் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட முடியாது. தேவைப்பட்டால் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதினேழிலேயே படிவத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.