உதவியைக் குறைத்துக்கொண்டே வா

அன்புள்ள இளங்கோ,

உங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு நடைப்பயிற்சி ரோபோ வந்துவிட்டது, இனி முதுகு ஒடிய நோயாளியைத் தாங்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்தான். ஆனால் யாரை அதில் ஏற்றுவது என்று முதலில் யோசி.

பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவர்கள், இன்னும் நடக்கவே முடியாதவர்கள், இவர்களுக்குத்தான் இந்தக் கருவிகளால் பலன் அதிகம். அதுவும் வழக்கமான பிசியோதெரபியோடு சேர்ந்தால். 62 ஆய்வுகளைத் திரட்டிய 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு இதைத்தான் சொல்கிறது. ஓரளவு நடக்கத் தொடங்கியவர்களின் கதை வேறு. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லோகோமாட் என்ற நடைப்பயிற்சி ரோபோவில் பயின்றவர்களைவிட சிகிச்சையாளர் கைப்பட நடத்திப் பழக்கியவர்களே வேகத்தில் அதிகம் முன்னேறினார்கள்.

காரணம் புரியாததல்ல. கருவியே காலைத் தூக்கி வைத்தால் நோயாளி சும்மா தொங்கிக்கொண்டு வருவார். மூளை கற்பது அவர் முயலும்போதுதான். அதனால் உதவியின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வா. அடி தடுமாறட்டும், விழாமல் நீ பார்த்துக்கொள்.

அமெரிக்காவில் 2019-இல் அனுமதி பெற்ற ரீஸ்டோர் என்ற துணிக்கவசம் எனக்குப் பிடித்தது. இடுப்பில் மோட்டார், அங்கிருந்து காலணிக்கு மெல்லிய கம்பிகள், அவ்வளவுதான். பாதம் தொங்காமல் நுனியைத் தூக்கிவிடும். தரையை உந்தும்போது குதிகாலை இழுத்துக்கொடுக்கும். மற்றதெல்லாம் நடப்பவர் பாடு.

உங்களிடம் இருப்பது எதுவானாலும், திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. செருப்பு நுனி தரையில் தேய்கிறதா என்று காதைக் கொடு. முழங்கால் பின்னால் வெட்டுகிறதா, இடுப்பைத் தூக்கிக் காலை வளைத்து வீசுகிறாரா, பார். பட்டையைக் கழற்றியதும் தோலைத் தடவிப் பார். உணர்ச்சி மரத்த காலில் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது. தொய்ந்த தோளைப் பிடித்து மட்டும் யாரையும் தூக்காதே. (அவசரத்தில் வீட்டார் செய்வது அதுதான். அவர்களுக்கும் சொல்லிக்கொடு.)

இன்று எத்தனை அடி என்று திரை காட்டுவதை நோயாளியின் மகன்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள், போகட்டும். நீ வாரம் ஒருமுறை கருவி இல்லாமல் பத்து மீட்டர் நடக்கவிட்டு, விநாடிகளைக் குறித்து வை. வீட்டில் எத்தனை வாசற்படி, கழிவறை எப்படி என்று முதல் நாளே கேட்டுக்கொள். படி இருந்தால் படியேறும் பயிற்சியை மாலையில் நீயே கொடு.

அன்புடன்,
அத்தை