இடிந்த கற்களைப் படிப்பது எப்படி?
(உரோமாபுரியில் வழிகாட்டியோடு ஒரு நாள்)

உரோமாபுரிக்குச் சென்று திரும்பும் யாத்திரிகர் பலர் சொல்வது இது: "பேராலயங்கள் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அந்தப் பழைய இடிபாடுகளில் என்ன இருக்கிறது? உடைந்த தூண்கள், சரிந்த சுவர்கள், சுட்டெரிக்கும் வெயில்!" அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எழுத்தறியாதவர் முன் ஏட்டை விரித்து வைத்தால் அவருக்கு அது வெறும் கோடுகளாகத்தானே தெரியும்? இடிபாடுகளும் ஓர் ஏடே. அதைப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். அவரே வழிகாட்டி.

கொடியைத் தூக்கிப் பிடித்து நடப்பவர் பின்னால் நாற்பது ஐம்பது பேர் ஓடுவது ஒரு வகைச் சுற்றுலா. ஒரு குடும்பமோ ஒரு சிறு குழுவோ தமக்கெனத் தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக் கொள்வது இன்னொரு வகை. இரண்டாவதற்குச் செலவு அதிகம். நாலைந்து பேர் பகிர்ந்து கொண்டால் தாங்கலாம். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. நாம் நிற்க விரும்பும் இடத்தில் நிற்கலாம். கேட்க விரும்பும் கேள்வியைக் கேட்கலாம். இத்தாலியில் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்களே இத்தொழிலைச் செய்யலாம்.

நல்ல வழிகாட்டி மூன்று வகைச் செய்திகளை ஒன்றோடொன்று கலக்காமல் சொல்வார். முதலாவது, கண்ணால் காண்பது. இரண்டாவது, அக்கால ஏடுகள் கூறுவது. மூன்றாவது, பிற்கால மக்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. மாணவியரே, இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

மேட்டிலிருந்து ஒரு பார்வை

கப்பித்தோலியக் குன்றின் பின்புறம் நின்று கீழே நோக்கினால் ஒரு பள்ளத்தாக்கு தெரியும். இதுதான் உரோமானியப் பொதுமன்றம். சந்தை, நீதிமன்றம், கோவில், அரசவை எல்லாம் ஒரே இடத்தில் கூடிய மையம். ஆதியில் இது சதுப்பு நிலம். பெருங்கால்வாய் ஒன்று அமைத்து நீரை டைபர் நதிக்கு வடித்த பிறகே இங்கே மனிதர் கூட முடிந்தது. பளிங்கு மண்டபங்களுக்கு முன் சாக்கடை வந்தது என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

பேரரசு வீழ்ந்தபின் வெள்ளம் கொண்டுவந்த வண்டலும், இடிந்த கட்டடங்களின் குப்பையும் சேர்ந்து பள்ளத்தாக்கு மெல்ல மெல்ல நிரம்பியது. உலகை ஆண்டோர் நடந்த வீதியின்மேல் மாடுகள் மேய்ந்தன. அந்த இடத்துக்கே 'மாட்டுவெளி' என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. 19ஆம் நூற்றாண்டில்தான் முறையாக அகழத் தொடங்கினர்.

அந்தரத்தில் ஒரு கதவு

இதற்குச் சான்று வேண்டுமா? அந்தோனினுஸ், பவுஸ்தீனா கோவிலைப் பாருங்கள். பவுஸ்தீனா என்ற அரசி இறந்ததும் அவள் கணவன் அந்தோனினுஸ் மன்னன் கி.பி. 141இல் எழுப்பியது இது. பிற்காலத்தில் இதற்குள் புனித லாரன்ஸ் ஆலயம் அமைந்தது. தூண்களுக்குப் பின்னே ஆலயக் கதவு தெரிகிறது. ஆனால் அது படிக்கட்டின் மேல்தளத்திலிருந்து பல அடி உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது! யாரால் அதில் ஏறி நுழைய முடியும்?

வழிகாட்டி இங்கே விடையை உடனே சொல்லமாட்டார். நம்மையே யோசிக்க விடுவார். அந்தக் கதவை வைத்த காலத்தில் தரை அந்த உயரத்தில் இருந்தது, அதுதான் விடை. அகழ்ந்தவர்கள் மண்ணை அகற்றியதும் கதவு மேலேயே நின்றுவிட்டது. நூற்றாண்டுகளின் ஆழத்தை ஒரே பார்வையில் காட்டும் அளவுகோல் இது.

சற்றுத் தள்ளி மூப்பர் அவையின் செங்கல் மண்டபம் நிற்கிறது. இது கெடாமல் நிற்பதற்குக் காரணம், கி.பி. 630 அளவில் பாப்பரசர் முதலாம் ஒனோரியுஸ் இதை ஆலயமாக மாற்றியதே. பயன்பாட்டில் இருந்த கட்டடம் பிழைத்தது, கைவிடப்பட்டது கற்சுரங்கமாயிற்று. இம்மண்டபத்தின் பழைய வெண்கலக் கதவுகளை இன்று காண விரும்புவோர் இலாத்தரன் பேராலயத்துக்குச் செல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் அவை அங்கே கொண்டு செல்லப்பட்டன.

பெயர் அழிக்கப்பட்ட பெண்

அடுத்து வெஸ்தா தேவதையின் கன்னியர் வாழ்ந்த இல்லம். நீண்ட முற்றம், நீர்த்தொட்டிகள், வரிசையாகத் தலையிழந்த பெண் சிலைகள். நம் மாணவியர் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் இது.

இக்கன்னியர் அறுவர். 6 வயது முதல் 10 வயதுக்குள் உள்ள சிறுமியரிலிருந்து இவர்களைத் தலைமைக் குரு எடுத்துக்கொள்வார். பணிக்காலம் 30 ஆண்டு: பத்து ஆண்டு கற்பது, பத்து ஆண்டு செய்வது, பத்து ஆண்டு கற்பிப்பது. அரசின் புனித நெருப்பு அணையாமல் காப்பதே முதற்கடமை. நெருப்பு அணைந்தால் கசையடி. கற்பு நெறி தவறினாள் என்று தீர்ப்பானால் உயிரோடு புதைத்தனர். மறுபுறம், மற்றப் பெண்களுக்கு இல்லாத உரிமைகள் இவர்களுக்கு இருந்தன. சொத்தைத் தாமே ஆளலாம், உயில் எழுதலாம், விளையாட்டரங்கில் முன்வரிசையில் அமரலாம்.

"இவர்கள் அக்காலக் கன்னியாஸ்திரீகளா?" என்று பலர் கேட்பர். வெளித்தோற்றத்தில் ஒற்றுமை இருக்கலாம். ஆனால் ஆறு வயதுச் சிறுமியிடம் யாரும் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கவில்லை. தானே தெரிந்து, பல ஆண்டு பயின்று, மனமுவந்து சொல்லும் வாக்குறுதிக்கும், பிறர் கைப்பிடித்து இழுத்துச் செல்லும் பணிக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

அந்தச் சிலைப் பீடங்களில் ஒன்று கி.பி. 364ஐச் சேர்ந்தது. ஒரு தலைமைக் கன்னியின் தூய்மையையும் சமய அறிவையும் போற்றும் கல்வெட்டு அதில் உள்ளது. ஆனால் அவளுடைய பெயர் மட்டும் உளியால் செதுக்கி நீக்கப்பட்டிருக்கிறது. முதல் எழுத்து ஒன்றே எஞ்சி நிற்கிறது. புகழ் இருக்கிறது, பெயர் இல்லை! ஏன்? அவள் கிறிஸ்தவ மறையைத் தழுவியிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். பெயர் அழிக்கப்பட்டது கண்ணால் காண்பது. காரணம் அறிஞரின் ஊகம். நல்ல வழிகாட்டி இரண்டையும் பிரித்தே சொல்வார். பதினாறு நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த வெற்றிடத்தின் முன் நின்று நாம் அவளைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், அழித்தவர் எண்ணம் பலிக்கவில்லை என்றுதானே பொருள்?

மிளகுக் கிடங்கு

புனித வீதியில் மேலே நடந்தால் மூன்று மாபெரும் வளைவுக்கூடங்கள் வானை மறைத்து நிற்கும். மக்செந்தியுஸ் மன்னன் தொடங்கி, கான்ஸ்டன்டைன் முடித்த பேர்மண்டபத்தின் ஒரு பக்கம் இது. இதில் நின்ற பெருந்தூண்களில் ஒன்றே ஒன்று பிழைத்தது. 1614இல் அதை மேரி மேஜர் பேராலயத்தின் முன் நிறுத்தி, உச்சியில் தேவதாயின் திருவுருவத்தை வைத்தனர். பேராலயத்துக்குச் செல்லும்போது அண்ணாந்து பாருங்கள்.

மண்டபத்தின் அடியில் இருப்பதோ நமக்கு இன்னும் நெருங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் தொமிசியன் மன்னன் கட்டிய மிளகுக் கிடங்குகள் அங்கே இருந்தன. அந்த மிளகு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சேரநாட்டு முசிறித் துறையிலிருந்து! யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை நம் அகநானூறு கூறுகிறது. கறுப்பு மிளகு ஓர் இறாத்தல் 4 தெனாரியம் என்று விலை எழுதி வைத்த உரோமை அறிஞர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தர்சு நாணயத்தை உறிஞ்சுகிறது என்று புலம்புகிறார். அவர் புலம்பலுக்குச் சான்று கோவை மாவட்டத்து மண்ணில் புதையலாகக் கிடைத்தது. உரோமைக் காசுகள் அங்கே குவியல் குவியலாக எடுக்கப்பட்டன. இங்கு ஏடும் மண்ணும் ஒரே சாட்சி சொல்கின்றன.

இருவகைக் கல்

வீதியின் மேட்டில் நிற்கிறது டைட்டஸின் வெற்றி வளைவு. கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்த படை, அதன் ஏழு கிளை விளக்குத்தண்டைச் சுமந்து வரும் காட்சி உட்புறத்தில் செதுக்கப்பட்டுள்ளது. வென்றவனுக்கு இது பெருமை; தோற்றவனுக்குக் கண்ணீர். உரோமை யூதர் இதன் கீழ் நடப்பதில்லை என்ற வழக்கத்தைப் பல தலைமுறை காத்தனர். நம் ஆண்டவர் எருசலேமைப் பார்த்து அழுதார் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அந்த அழுகையின் காரணம் இங்கே கல்லில் தெரிகிறது.

இவ்வளைவின் கற்கள் இரு வகை. நடுப்பகுதி பழைய பளிங்கு. இரு ஓரங்களும் வேறு நிறமுள்ள சுண்ணாம்புக் கல். பாப்பரசர் ஏழாம் பத்திநாதர் காலத்தில், 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில், வலாதியே என்ற கட்டடக் கலைஞர் இதைச் செப்பனிட்டார். இடிந்த பகுதியை நிரப்பும்போது, பழையதுபோல் நடிக்காமல் வேறு கல்லையே வைத்தார். எது பழையது, எது தாம் சேர்த்தது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. வரலாறு எழுதும் கைக்கும், வாய்ச்செய்தி சொல்லும் நாவுக்கும் இந்த ஒழுக்கம் வேண்டாமா?

கொலோசியம்

கி.பி. 80இல் டைட்டஸ் திறந்து வைத்த அரங்கம். நீளம் 188 மீட்டர், அகலம் 156 மீட்டர், உயரம் ஏறத்தாழ 48 மீட்டர். தரைத்தளத்தில் 80 வளைவு வாயில்கள். 23 முதல் 54 வரையுள்ள எண்கள் இன்றும் வாயில்களின்மேல் தெரிகின்றன. நுழைவுச் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து மக்கள் உள்ளே சென்றனர். சுவரெங்கும் காணும் துளைகள், கற்களை இணைத்த இரும்புப் பற்றுகளைப் பிற்காலத்தார் பிடுங்கிய அடையாளம். 1349ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தென்புறம் சரிந்தது. விழுந்த கல் நகரத்துக் கட்டடங்களுக்குப் போயிற்று.

யார் எங்கே அமர்ந்தனர் என்பதும் ஒரு பாடம். கீழே மூப்பர்கள், மேலே போகப் போக எளியவர். வெஸ்தா கன்னியர் நீங்கலாகப் பெண்களுக்கு உச்சி வரிசைதான். அரங்கின் அடியில் இருண்ட சுரங்க வழிகள். அங்கே அடிமைகள் பொறிகளைச் சுழற்றி, கூண்டிலிட்ட விலங்குகளை மேலே ஏற்றினர். மேலே ஆரவாரம், கீழே வியர்வை. இப்பகுதியை இன்று இறங்கிப் பார்க்கலாம்.

இப்போது நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி: வேதசாட்சிகள் இங்கேயா இரத்தம் சிந்தினர்? இங்கே பொறுமை வேண்டும். நீரோ மன்னன் கிறிஸ்தவர்களைக் கொன்றது கி.பி. 64இல். அப்போது இந்த அரங்கமே இல்லை! உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துஸ் கூறும் இடம் நீரோவின் தோட்டமும் பந்தயத் திடலும். அத்திடல் இருந்தது வத்திக்கான் பகுதியில். புனித இராயப்பர் மரித்ததும் அப்பகுதியில்தான் என்பது தொன்மையான மரபு. அந்தியோக்கு ஆயர் புனித இஞ்ஞாசியார் விலங்குகளுக்கு இரையாக உரோமைக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய கடிதங்களே இதற்குச் சான்று. ஆனால் அரங்கின் பெயரை அவர் எழுதவில்லை. கொலோசியத்தை வேதசாட்சிகளின் திருத்தலமாகப் போற்றும் வழக்கம் பிற்காலத்தில் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இங்கே சிலுவைப் பாதை நிலைகளை அமைத்தார். கல் எடுப்பதும் நின்றது. 1964இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் பெரிய வெள்ளியன்று இங்கே சிலுவைப் பாதை நடத்தும் வழக்கத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

இதைக் கேட்டு விசுவாசம் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். வேதசாட்சிகள் உண்மைக்காக உயிர் கொடுத்தவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது உண்மையை மிஞ்சிச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. மேலும், மனிதன் மனிதனைக் கொல்வதைக் கைதட்டி ரசித்த இடத்தில் சிலுவை நிற்க வேறு காரணமும் வேண்டுமோ?

செல்வோருக்குச் சில குறிப்புகள்

1. நுழைவுச் சீட்டுக்கும் வழிகாட்டிக்கும் முன்பதிவு செய்யுங்கள். வழிகாட்டியின் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது தவறன்று.

2. காலையிலேயே தொடங்குங்கள். பழைய வீதிக் கற்கள் மேடுபள்ளமானவை. உறுதியான காலணி தேவை. நகரெங்கும் தெருக்குழாய்களில் நல்ல குடிநீர் கிடைக்கும்.

3. ஆலயங்களுக்குள் செல்லத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

4. கொலோசியத்தின் அருகிலுள்ள புனித கிளமெந்து ஆலயத்தை விடாதீர்கள். 12ஆம் நூற்றாண்டு ஆலயத்தின் அடியில் 4ஆம் நூற்றாண்டு ஆலயம். அதனடியில் முதல் நூற்றாண்டுக் கட்டடங்கள். 1857இல் முல்லூலி என்ற தோமினிக் சபைக் குரு தோண்டிக் கண்டவை இவை. அடித்தளத்தில் நின்றால் நீர் ஓடும் ஓசை கேட்கும்.

5. புறப்படும் முன் ஒரு நல்ல வரலாற்று நூலை வாசியுங்கள். ஒன்றுமே தெரியாதவருக்குக் கேள்வி கேட்கத் தெரியாது.

நம்மில் எல்லோருக்கும் உரோமாபுரி செல்லும் வாய்ப்பு அமையாது. ஆனால் அந்த வழிகாட்டியிடம் கேட்கும் கேள்வியை எங்கும் கேட்கலாம். பாடநூலைப் படிக்கும்போதும், பிறரைப் பற்றிய செய்தி காதில் விழும்போதும் கேளுங்கள்: "இது கண்டதா? எழுதப்பட்டதா? சொல்லக் கேட்டதா?" இப்படிக் கேட்கப் பழகிய பெண்ணை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது, அவளும் பிறரை ஏமாற்றமாட்டாள்.