காடழித்தால் காய்ச்சல் குறையுமா?

கொசு கடித்த எல்லாருக்கும் மலேரியா வருவதில்லை. ஆகவே, விளைவு நிகழும் வாய்ப்பைக் கூட்டுவதே காரணம் என்றார் பேட்ரிக் சப்பீஸ் (1970). அது போதுமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தோட்டங்களில் நடந்ததைப் பாருங்கள்.

கோல சிலாங்கூர் போன்ற கரையோரச் சமவெளியில் காட்டை அழித்து வடிகால் வெட்டியதும் காய்ச்சல் தணிந்தது. அங்கே நோய் பரப்பிய கொசு நிழல்நீரில் வளர்வது. உட்புறக் குன்றுகளிலோ அதே வேலை காய்ச்சலைப் பெருக்கியது. வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு கொசு இனம் பெருகியது. இதைக் கண்டறிந்தவர் மருத்துவர் மல்கம் வாட்சன்.

இரண்டு இடங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால், காடழிப்புக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பே இல்லை என்றுகூடத் தோன்றலாம். லயத்தில் நடுங்கிக் கிடந்தவருக்குச் சராசரி என்ன செய்யும்? சூழல் ஒத்த இடங்களுக்குள்தான் வாய்ப்பை ஒப்பிட வேண்டும் என்று நான்சி கார்ட்ரைட் 1979இல் வலியுறுத்தியது இத்தகைய சிக்கலுக்காகத்தான். வாட்சனோ அதற்கு வெகுமுன்பே, குன்றோடைகளை நிலத்தடிக் குழாய்களில் விடச் செய்தார்; பின்னர் எண்ணெயும் தெளிக்கச் செய்தார்.