கிணறும் கணக்கும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தம் மிக்க நீர் உண்டு. அதனை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கம் தோண்டல் இயலாது. அதனால் அண்டை ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம் தாழ்கின்றதா? உழவர்க்கு இது வாழ்வுப் பிரச்சினை.

ஒரே 10 கிணறுகளை இரு கோடைகளில் அளந்தோமாயின், கிணறுதோறும் வேறுபாட்டைக் கண்டு, அது தற்செயலானதோ என ஆராய்தல் வேண்டும். இதுவே இணை டி-சோதனை. ஒரு கிணற்றில் நீர் 20 அடியிலும் மற்றொன்றில் 80 அடியிலும் நிற்கலாம். கழித்தவுடன் அவ்வேற்றுமை மறைந்துவிடும். டப்ளின் நகர மதுவாலை ஊழியரான காசெட், 1908இல் 'மாணவர்' என்னும் புனைபெயரில் இச்சோதனையை வெளியிட்டபோது, 10 நோயாளரின் உறக்கநேரத்தை இவ்வாறே கழித்துக் காட்டினார்.

ஆயினும், மழை குறைந்தாலும் நீர் தாழுமன்றோ? ஆகவே, சுரங்கத்தருகுள்ள கிணறுகளின் தாழ்வைத் தொலைவிலுள்ள வேறு கிணறுகளின் தாழ்வோடு ஒப்பிடுதல் வேண்டும். இங்கு இணையில்லை, தனித்த இரு கூட்டங்களுக்குரிய டி-சோதனையே பொருந்தும்.