பள்ளிக்கு ஒரு செல்போன்

மும்பையில் உள்ளது சுனாபட்டி. சுண்ணாம்புச் சூளை என்பது இந்தப் பெயரின் பொருள்.

ஜூன் மாதம். பள்ளி திறக்கும் நேரம். ஒரு தாய் வீட்டு வேலை செய்து பணம் சேர்த்திருந்தார். மகளின் படிப்புக்குப் பழைய செல்போன் வாங்கப் போனார். மகளும் கூட வந்தாள்.

"விலை குறைவு அக்கா. ஆனால் பில் கிடையாது" என்றார் கடைக்காரர்.

மகள் அந்தப் போனில் *#06# என்று அழுத்தினாள். 15 இலக்க எண் வந்தது. அதுதான் ஐ.எம்.இ.ஐ. எண். அதைத் தாய் எழுதிக்கொண்டார்.

பிறகு தம் போனை எடுத்தார். கே, ஒய், எம் என்ற ஆங்கில எழுத்துகளைத் தட்டினார். இடம் விட்டு அந்த எண்ணை எழுதினார். 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார்.

அது தடை செய்யப்பட்ட போன் என்று பதில் வந்தது. திருட்டுப் போன போன்களை இப்படித் தடுப்பார்கள். அதில் சிம் போட்டாலும் பேச முடியாது.

"வேண்டாம் தம்பி" என்றார் தாய். சேர்த்த பணம் தப்பியது. வேறு கடையில் பில்லோடு வாங்கினார்.

பாடப் புத்தகங்கள் தீக்ஷா செயலியில் இலவசமாகக் கிடைக்கும்.

ஒரு நாள் அழைப்பு வந்தது. "ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது. ஓ.டி.பி. சொல்லுங்கள்."

மகள் சொல்லவில்லை. ஓ.டி.பி. நம் வீட்டுச் சாவி. யாருக்கும் தரக்கூடாது. ஏமாந்து பணம் போனால் உடனே 1930-க்குப் பேச வேண்டும்.

பயிற்சி:
1. தாய் ஏன் முதல் போனை வாங்கவில்லை?
2. 1930 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.